மர்டோவுக்காகப் போட்ட பீர்

டவுன்ஸ்வில்,
1987 மே 3

அன்புள்ள அப்பா, அம்மா,

இங்கே நானும் கிரேயமும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே தென்கோடியில் குளிர்காலம் ஆரம்பித்திருக்கும். இங்கே இன்னும் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். எல்லாம் சரியாகப் போனால் நவம்பர் நடுவில் என்கிறார் டாக்டர்.

அப்பா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து பீர் போடாதீர்கள். முதல் தடவை நான் சொன்ன அன்றே பீர் ஊறவைக்கும் வாளியைக் கழுவி எடுத்தீர்கள். பிள்ளை பிறந்ததும் ஊரே குடித்து வாழ்த்தி அதன் 'தலையை நனைக்க' என் கையால் போட்ட பீர் என்று தெரு முழுக்கச் சொன்னீர்கள். நாலாம் மாதம் கலைந்தது. அடுத்த தடவையும் போட்டீர்கள். ஆறாம் மாதம் அதுவும் போனது. அதற்கப்புறம் நான் ஊருக்கு வந்தபோது கொட்டகை மூலையில் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டேன். லேபிளில் நீங்கள் பென்சிலால் வரைந்திருந்த தொட்டிலையும் பார்த்தேன். நான் பார்க்கவில்லை என்று நீங்கள் நினைத்தீர்கள்.

இந்தத் தடவை யாருக்கும் சொல்ல வேண்டாம். அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவும் வேண்டாம். போனும் வேண்டாம், உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். சொல்ல நல்லது இருந்தால் நானே எழுதுவேன்.

அம்மாவுக்கு முத்தங்கள்.

அன்புடன்,
ரேவின்

*

இன்வர்கார்கில்,
மே 17

என் அருமை மகள் ரேவினுக்கு,

அப்பன் கிளாரி எழுதுவது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. வாயிலும் ஒரு குறையும் இல்லை என்று சேர்த்து எழுதச் சொல்கிறாள் உன் அம்மா. அவள் முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. நம் வீட்டில் மாடியே இல்லை என்பதால் கவலை இல்லை. உன் வீட்டுக்காரர் கிரேயம் இன்னும் அந்த ஊர் பீரைத்தான் குடிக்கிறாரா? பல் கூசும் அளவுக்கு ஐஸில் வைத்துக் குடிப்பதே ருசி தெரியக்கூடாது என்றுதான். நான் சொன்னதாகச் சொல்.

உன் கடிதத்தை அம்மா இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். சரி. நீ சொன்னபடியே. யாருக்கும் சொல்லவில்லை. எதுவும் கேட்க மாட்டேன்.

இனி வேறு சமாசாரம். பக்கத்து வீட்டு மர்டோவுக்கு நவம்பரில் அறுபத்தைந்து வயது ஆகிறது. பெண்டாட்டி போனதிலிருந்து தனி ஆள், பாவம். அவன் பிறந்தநாளுக்காக, லாகர் என்கிற வெளிர் பீர் போடும் பாகு டப்பா ஒன்று வாங்கி ஊற வைத்திருக்கிறேன். மர்டோவுக்காக மட்டும்தான். நான் வழக்கமாகப் போடும் கறுப்பு பீர் இல்லை. இது மாதக்கணக்கில் கிடந்தால்தான் பதமாகுமாம், கடைக்காரன் சொன்னான். நவம்பர் வரை கிடக்கிற பீரை ஏன் எடுத்தீர்கள் என்று நீ கேட்கக்கூடாது. மர்டோ நவம்பரில் பிறந்தான், அதற்கு நான் என்ன செய்ய?

வாளியை எப்போதும்போல வெந்நீர்த் தொட்டி அலமாரிக்குள், துண்டு அடுக்குக்குக் கீழே வைத்தேன். உன் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"கிளாரி, போன தடவ என் போர்வையெல்லாம் சாராயக்கடை மாதிரி நாறுச்சு. இதையும் அங்கயே வெச்சே, நீ கொட்டகையிலதான் படுக்கணும்."

"படுத்துட்டுப் போறேன். அங்க குறட்டைச் சத்தமாவது இருக்காது."

"குறட்டை விடறது யாரு?"

"அதத்தான் நானும் முப்பத்தஞ்சு வருசமா கேக்கறேன்."

வாளி அலமாரியில்தான் இருக்கிறது. நானும் வீட்டுக்குள்தான் இருக்கிறேன். ஆனால் வழக்கத்தைவிட அதிகமாகத் திட்டினாள், ஏன் என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதலாம் இல்லையா? அது கேள்வி இல்லையே.

அப்பன்,
கிளாரி

*

டவுன்ஸ்வில்,
ஜூன் 2

அன்புள்ள அப்பா, அம்மா,

நலம். நீங்கள் இருவரும் நலமென நம்புகிறேன்.

மர்டோ மாமாவின் பிறந்தநாள் பிப்ரவரியில். நம் ஊரில் வெயில் என்று ஒன்று அடிக்கிற அந்த ஒரே வாரத்தில். அவர் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு வருஷமும் கேக் தின்றவள் நான். அவர் எப்போது நவம்பருக்கு மாறினார்?

உங்களுக்குப் பொய் சொல்ல வரும் என்று தெரியும் அப்பா. இவ்வளவு மோசமாக வரும் என்று தெரியாது.

கோபம் இல்லை. கோபப்படக்கூடப் பயமாக இருக்கிறது. வேறு எழுத ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் இருப்பதே இப்போதைக்கு நல்ல செய்தி.

ரேவின்

*

இன்வர்கார்கில்,
ஜூன் 16

அருமை ரேவினுக்கு,

நாங்கள் சுகம். உன் அம்மா தேவாலயப் பெண்கள் கூட்டத்துக்கு நாலு தட்டு சீஸ் ரோல் செய்தாள், எனக்கு ஓரம் கருகினது நாலு கிடைத்தது. நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கவேண்டும்.

மர்டோவுக்கு வயதாகிவிட்டது, பெண்ணே. தன் பிறந்தநாள் தனக்கே நினைவில்லை. நவம்பர் என்றேன், சரி என்று ஒத்துக்கொண்டான். பிறந்தவனே ஒத்துக்கொண்டபிறகு கேக் தின்றவள் மறுக்கலாமா?

ஒரு சின்ன விபத்து. அலமாரியைத் திறந்தால் வாழைப்பழ வாசனை. உங்கள் ஊரில் வாழைத்தோட்டம் இருக்கிறது, இங்கே ஏது? மூடியைத் தூக்கினால் வாளிக்குள்ளிருந்துதான் வருகிறது. மர்டோவைக் கூப்பிட்டேன். ஒரு வாய் வைத்துவிட்டு, தொட்டியில் போய்த் துப்பினான்.

"டப்பா மூடிக்குள்ள ஒரு தாளு மடிச்சு வெச்சிருந்தானே, படிச்சியா?"

"எந்தத் தாளு? நான் ஆறாவதோட நின்னவன். அதோட கண்ணாடிய உன் வீட்டுல மறந்துட்டேன்."

"லாகரக் குளுந்த எடத்துல வைக்கணும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்யா. நீ வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்துல வெச்சு வேகவிட்டிருக்கே. இது பீர் இல்ல, பழக்கஞ்சி."

"இந்தத் தெருவுல எல்லாரும் அலமாரியிலதானே வெக்கறோம்?"

"அது கறுப்பு பீருக்கு. அதுக்குச் சூடு வேணும். இதுக்குக் குளிரு வேணும். இந்த ஊர்ல குளிரத் தவிர வேற என்ன கெடக்கு? அத விட்டுட்டு, ஊருக்குள்ள சூடா இருக்கற ஒரே எடத்தத் தேடிப் புடிச்சிருக்கே பாரு."

முழு வாளியையும் கிழங்குப் பாத்தியில் கொட்டினேன். கொட்டும்போது உன் அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. "எய்ல்சா, கெட்டுப்போனது பீரு. வேற ஒண்ணும் இல்ல" என்று அங்கிருந்தே கத்தினேன். உனக்கும் அதையே சொல்கிறேன். சூடு அதிகம். அவ்வளவுதான். அதில் வேறு அர்த்தம் கிடையாது.

அன்றைக்கே கடைக்குப் போய் இரண்டாவது டப்பா வாங்கிவிட்டேன். இப்போது வாளி பின்னால் துவைக்கும் கொட்டகையில், கல் தொட்டிக்குள் இருக்கிறது. காலையில் கொட்டகைக் கதவில் உறைபனி. மூடியில் சொருகின வளைந்த குழாய் வழியாக ஒரு குமிழி வருகிறது. அப்புறம் யோசிக்கிறது. அப்புறம் இன்னொன்று. கறுப்பு பீர் இரண்டு நாள் கொதித்துக் குதித்து முடித்துவிடும். இதற்கு அவசரமே இல்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பன்,
கிளாரி

*

டவுன்ஸ்வில்,
ஜூலை 12

அன்புள்ள அப்பா, அம்மா,

நலமே. இங்கே இதுதான் நல்ல பருவம், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறோம்.

வாழைப்பழ விஷயத்தைக் கிரேயமுக்கு வாசித்தேன். எங்கள் ஊர் பீரைக் கிண்டல் செய்ததற்குக் கிடைத்த தண்டனை என்கிறார்.

இரண்டாவது வாளி என்ன ஆயிற்று? இதற்குள் பாட்டிலில் அடைத்து இரண்டு வாரம் ஆகியிருக்கும், நீங்கள் பாதியைக் குடித்து முடித்திருப்பீர்கள். ருசி எப்படி?

நாலாம் மாதம் தாண்டிவிட்டது. இதை மட்டும் சொல்கிறேன்.

ரேவின்

*

இன்வர்கார்கில்,
ஜூலை 26

அருமை ரேவினுக்கு,

எங்கள் இருவருக்கும் சளி, ஆளுக்குப் பாதி பங்கிட்டுக்கொண்டோம். அங்கே சளி கிளி இல்லாமல் இருக்கட்டும்.

ருசி எப்படி என்று கேட்டாய். தெரியாது. இன்னும் திறக்கவில்லை.

பாட்டிலில் அடைத்தாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் நுரை பிடிக்கச் சர்க்கரை போட்டு, மூடி அடித்து, கல் தொட்டிக்கு அடியில் இருட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். மர்டோ தினமும் வந்து எட்டிப் பார்க்கிறான்.

"ஒண்ணே ஒண்ணு திறப்போம்யா. ருசி பாக்க வேணாமா?"

"வேணாம்."

"என் பொறந்தநாளுக்குப் போட்ட பீரு. நானே சொல்றேன், திற."

"பொறந்தநாள் வரட்டும்."

"கிளாரி, நீ அடுப்புல வேகற இறைச்சிய நாலு தடவ மூடிய எடுத்துப் பாக்கற ஆளு. கிறிஸ்துமஸ் பொட்டலத்த முந்தின நாளே பிரிச்சு ஒட்டி வெக்கற ஆளு. உனக்கு என்ன ஆச்சு?"

சளி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்பன்,
கிளாரி

*

டவுன்ஸ்வில்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள அப்பா,

கொஞ்சம் அசதி, அதனால் நாலு வரி மட்டும். சளி விட்டதா?

நீங்கள் திறக்கவில்லை என்று படித்தேன். நிறைய நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பீர் போடாதீர்கள் என்று சொன்னது நான்தான். இப்போது இன்னொன்று சொல்கிறேன்.

திறக்காதீர்கள். மர்டோ மாமா என்ன சொன்னாலும் திறக்காதீர்கள்.

ரேவின்

*

இன்வர்கார்கில்,
ஆகஸ்ட் 23

அருமை ரேவினுக்கு,

சளி விட்டது. அம்மா தேவலை. நீ ஓய்வாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறோம்.

உன் கடிதம் பென்சிலில் இருந்தது. உறைமேல் விலாசம் கிரேயம் கையெழுத்து. உன் அம்மா உறையை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன். பேனா தீர்ந்துபோயிருக்கும், கடை தூரம் என்றேன். ஆமாம் என்றாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் சூப் குடித்தோம்.

நான் கேட்கவில்லை. சொன்ன சொல் சொன்ன சொல்.

இங்கே செய்தி என்று எதுவும் இல்லை. கடலில் சிப்பி எடுத்துத் தின்னும் பருவம் முடிகிறது. மர்டோ ஒரு டஜன் கொண்டுவந்து, இதைத் தொட்டுக்கொண்டு குடிக்க பீர் இருந்தால் எப்படி இருக்கும் என்று கண்ணடித்தான். தேநீர் கொடுத்தேன்.

பாட்டில்கள் அப்படியே இருக்கின்றன. ஒன்றையும் தொடவில்லை. காலையில் போய்ப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அப்பன்,
கிளாரி

*

இன்வர்கார்கில்,
செப்டம்பர் 20

ரேவினுக்கு,

சுகம். உன்னிடமிருந்து கடிதம் வந்து நாளாகிறது. தபால்காரன் மேல் தப்பில்லை, அவனிடம் விசாரித்துவிட்டேன்.

நேற்றுத்தான் முதல் வெயில். மத்தியானம் கொட்டகையில் துப்பாக்கி சுட்டதுபோல் ஒரு சத்தம். ஓடிப் பார்த்தேன். ஒரு பாட்டில் வெடித்து, தரையெல்லாம் நுரை. திரும்பினால் உன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள், கையில் இஸ்திரி போட எடுத்த சட்டை.

"சர்க்கரை அதிகம், எய்ல்சா. அந்தப் பாட்டிலுக்கு ரெண்டு தடவ போட்டுட்டேன் போல."

"சரி."

"ஒரு பாட்டில் போனா ஒரு பாட்டில்தான். மத்ததெல்லாம் இருக்கு."

"சரின்னு சொன்னேன்ல."

சர்க்கரை அதிகம்தான். உனக்கும் எழுதுகிறேன். சர்க்கரை அதிகம். மீதி எல்லாவற்றையும் ஈரச் சாக்கால் சுற்றிக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறேன்.

கடிதம் போடு.

அப்பா

*

டவுன்ஸ்வில்,
செப்டம்பர் 30

அன்புள்ள அப்பா, அம்மா,

முதலில் இதைப் படியுங்கள்: எல்லாம் நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து நான் ஆஸ்பத்திரியில். ரத்தம் போக ஆரம்பித்தது. அன்றிலிருந்து கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி என்னைப் படுக்கவே வைத்துவிட்டார்கள். மல்லாந்து படுத்து எழுதினால் பேனாவில் மை இறங்குவதில்லை, அதனால்தான் பென்சில். உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் அம்மா அடுத்த விமானத்தில் வந்துவிடுவாள், அவள் முகத்தைப் பார்த்தால் நான் நம்பிக்கையை விட்டுவிடுவேன் என்று பயந்தேன். மன்னியுங்கள்.

போன தடவை எந்த வாரத்தில் கலைந்ததோ, அந்த வாரமும் இங்கேதான் கழிந்தது. கிரேயம் நாற்காலியிலேயே தூங்கினார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமும் ஒன்றும் ஆகவில்லை. நேற்று டாக்டர் வந்து கட்டிலைச் சமமாக இறக்கச் சொன்னார். இனி எப்போது பிறந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்றார். இப்போது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, பேனாவால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதங்களை வார்டு முழுக்க வாசித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கிற அம்மாள், மர்டோவின் பிறந்தநாள் எப்போது, அந்தக் கிழவர் திறந்துவிடாமல் இருக்கவேண்டுமே என்று நர்ஸிடம் புலம்புகிறாள். பாட்டில் வெடித்ததைப் படித்தபோது கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு 'சர்க்கரை அதிகம்' என்று நீங்கள் மூன்று தடவை எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சிரித்தால் குழந்தை உதைக்கிறது.

பார்த்தீர்களா, அந்தச் சொல்லை எழுதிவிட்டேன்.

ரேவின்

*

இன்வர்கார்கில்,
அக்டோபர் 11

அருமை ரேவினுக்கு,

எங்கள் சுகத்துக்கு என்ன கேடு? உன் அம்மா கடிதத்தை வாசிக்கும்போது பாதியில் குரல் போய்விட்டது. மீதியை நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். என் வாசிப்பைக் கேட்டால் யாருக்கும் அழுகை நின்றுவிடும்.

சாயங்காலம் அவள் வெந்நீர்த் தொட்டி அலமாரியைத் திறந்து, துண்டு அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு மூட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். சின்னச் சின்னக் கம்பளிச் சட்டை, குல்லா, காலுறை. உன் மே மாதக் கடிதம் வந்த அன்றிலிருந்தே எனக்குத் தெரியாமல் பின்னியிருக்கிறாள்.

"அதான் வாளிய அங்க வெக்காதேன்னு அப்படிக் குதிச்சியா?"

"பின்ன? நீ மட்டுந்தான் பொய் சொல்லணுமா?"

"டவுன்ஸ்வில்லுல வேர்த்து ஊத்தும், எய்ல்சா. அங்க எவன் கம்பளி போடறான்?"

"வாய மூடு, கிளாரி."

மூடிக்கொண்டேன். சட்டை எல்லாவற்றிலும் அந்த வாழைப்பழ வாசனை. இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை என்று என்மேல் பழி.

உன்னைத் திட்டவேண்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் தனியாகப் படுத்துக்கிடந்திருக்கிறாய். ஆனால் நாங்களும் இங்கே அப்படித்தானே இருந்தோம், ஒருவருக்கொருவர் சொல்லாமல். கணக்குச் சரியாகப் போயிற்று.

அப்பன்,
கிளாரி

*

இன்வர்கார்கில்,
நவம்பர் 1

என் அருமை மகளுக்கும், கிரேயமுக்கும், இன்னொருத்திக்கும்,

இங்கே எல்லோரும் சுகம், எனக்கு மட்டும் தலைவலி, காரணம் கீழே.

வெள்ளிக்கிழமை காலை போன் அடித்தபோது உன் அம்மாதான் எடுத்தாள். "சரி... சரி... சரி" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. காதில் வைத்தேன். கிரேயம் பேசுவார் என்று நின்றால், அவர் பேசவில்லை. ஒரு கத்தல். தொண்டை கிழிய ஒரு கத்தல். அப்புறம்தான் உன் வீட்டுக்காரர், "கேட்டீங்களா மாமா, அதுதான் ஷோனா" என்றார். அந்த மனிதரைப் பற்றியும் அவர் குடிக்கும் பீரைப் பற்றியும் நான் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். கிறிஸ்துமஸ் வரைக்கும்.

நேராகக் கொட்டகைக்குப் போனேன். மர்டோ வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தான். மூடியைத் திறக்கப் பார்க்கிறேன், வரவில்லை.

"கொடுய்யா இங்க. கை நடுங்குது உனக்கு."

"குளிரு."

"வெயிலு அடிக்குதுய்யா."

"இந்த ஊரு வெயிலு."

அவன்தான் திறந்தான். ஊற்றினால், அம்மாடி, அவ்வளவு தெளிவு, தங்க நிறம். கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் நின்ற உன் அம்மா முகம் அப்படியே தெரிந்தது, அழுதுகொண்டே சிரித்தாள். நுரை விரல் அளவு நின்றது. வாயில் வைத்தேன். நான் இத்தனை வருஷம் போட்டதெல்லாம் பீரே இல்லை, ரேவின். மெதுவாக ஆனதால்தான் இப்படி என்றான் மர்டோ.

சாயங்காலம் தெரு முழுக்க வந்தது. ஷோனாவின் தலையை நனைக்கிறோம் என்று சொல்லி எல்லோரும் தொண்டையை நனைத்தார்கள். மர்டோ ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, "என் பொறந்தநாளுக்கு வந்த எல்லாருக்கும் நன்றி" என்று பேசினான். யாரும் அவனைக் கீழே இறக்கவில்லை. சீஸ் ரோல் தட்டுத்தட்டாக வந்தது, இந்தத் தடவை எனக்குக் கருகாததும் கிடைத்தது. கடைசிப் பாட்டில்வரை குடித்துத் தீர்த்துவிட்டார்கள். கிரேயமுக்கென்று ஒன்று ஒளித்து வைத்தேன், அதையும் மர்டோ கண்டுபிடித்துவிட்டான்.

மே மாதத்திலிருந்து நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேள்வியெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது கேட்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. ஒரு பக்கம் போதாது. தலையில் முடி இருக்கிறதா, கறுப்பா செம்பட்டையா? மூக்கு யாருடையது? என்னுடையது என்றால் மெதுவாகச் சொல், அம்மா தாங்கமாட்டாள். விரல் சூப்புகிறாளா, எந்தக் கை? பால் ஒழுங்காகக் குடிக்கிறாளா? எப்போதும் அப்படித்தான் கத்துகிறாளா, இல்லை என்னோடு பேசியபோது மட்டுமா? கண்ணைத் திறந்து பார்க்கிறாளா? தூக்கினால் எவ்வளவு கனம், ஒரு பூனை அளவா, ஒரு ரொட்டி அளவா? கிரேயமுக்கு அவளைப் பிடிக்கத் தெரிகிறதா?

நீ எப்படி இருக்கிறாய், ரேவின்? உண்மையைச் சொல்.

இப்படிக்கு,
ஷோனாவின் தாத்தா